ஈரநிலத் தோட்டத்தில் நீர்ப்பிரமி

நீர்ப்பிரமி என்பது ஈரமான மண்ணிலும் ஆழமற்ற நீரிலும் படர்ந்து வளரும் ஒரு பல்லாண்டுப் பூண்டு ஆகும். இதன் இருசொற்பெயர் பக்கோப்பா மோனியெரி. வெள்ளை அல்லது வெளிர்நீல நிறச் சிறு பூக்களை உடைய இத்தாவரம், தமிழ்நாட்டில் நெல்வயல் வரப்புகளிலும் வாய்க்கால், குளம் ஆகியவற்றின் கரைகளிலும் தானாகவே வளர்கிறது. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் இது நினைவாற்றலுக்குரிய மூலிகையாகக் கருதப்படுகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கம் (ஸ்ரீரங்கம்) தீவும், காவிரியின் தென்கரையிலுள்ள திருச்சிராப்பள்ளி நகரும் இதற்கு இயல்பாகவே ஏற்ற பகுதிகள். எனினும் நகரையொட்டி இது செழித்து வளரும் இடங்களில் பல, கழிவுநீர் கலக்கும் வாய்க்கால்களாக உள்ளன. நீரிலுள்ள நச்சு உலோகங்களைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் இயல்பு இத்தாவரத்திற்கு உண்டு. ஆகவே, உண்பதற்கு இதனை வேண்டுவோர் தூய நீரைக் கொண்டு தாமே வளர்த்துக்கொள்வதே பாதுகாப்பானது. கொல்லையில் அமைக்கப்படும் சிறிய ஈரநிலத் தோட்டம் அதற்குப் போதுமானதாகும்.

பெயர்கள்

தமிழில் நீர்ப்பிரமி, பிரமி, பிரமி வழுக்கை ஆகிய பெயர்கள் வழங்குகின்றன. சிங்களத்தில் இது லுணுவில எனப்படும். கார்ல் லின்னேயசு 1756-இல் இதனை வேறொரு பேரினத்தில் சேர்த்துப் பெயரிட்டார். 'மோனியெரி' என்னும் இனப்பெயர், லூயி கியோம் லெ மோனியே என்ற பிரெஞ்சு இயற்கையியலாளரின் நினைவாக அமைந்தது. பழைய நூல்களில் எர்பெசுட்டிசு மோனியெரா என்ற பெயரையும் காணலாம். முன்னர் இசுகுரோபுலாரியேசி குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இது, இப்போது பிளாண்டாசினேசி குடும்பத்தில் வகைப்படுத்தப்படுகிறது.

பிரமி என்ற பெயரால் ஒரு குழப்பம் நெடுங்காலமாக நிலவுகிறது. இந்தியாவின் சில பகுதிகளில் வல்லாரையையும் பிரமி என்றே அழைக்கின்றனர். வல்லாரை வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலை வட்டமாக, நீண்ட காம்புடன் இருக்கும். இந்திய ஆயுர்வேத மருந்துநூலில் பிரமி என்பது நீர்ப்பிரமியையும், மண்டூகபர்ணி என்பது வல்லாரையையும் குறிக்கின்றன. தமிழ்நாட்டில் வல்லாரை கீரையாக அன்றாடம் விற்கப்படுவதால் இங்கு அதனை அறியாதவர் குறைவு. ஆயினும் பிரமி என்று அச்சிடப்பட்ட பொட்டலத்தில் இரண்டில் எது உள்ளது என்பதை அதன் தாவரவியல் பெயரைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

இனங்காணல்

தண்டு சதைப்பற்றுடன் தரையோடு படரும். ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை, காம்பற்றவை, தடித்தவை. அடி குறுகி நுனி அகன்று, சிறு கரண்டி போன்ற வடிவில் இருக்கும். நீளம் பெரும்பாலும் 1 முதல் 2 செ.மீ. வரை. மென்று பார்த்தால் கசக்கும். பூக்கள் இலைக் கக்கத்தில் தனித்தனியாக, மெல்லிய காம்பில் தோன்றும். ஐந்து இதழ் மடல்கள், நான்கு மகரந்தத் தாள்கள். ஒரு பூவின் அகலம் ஏறத்தாழ 1 செ.மீ. மட்டுமே.

தரைப்பசலையும் இதே போலத் தடித்த இலைகளுடன் தரையில் படர்வதால் தொலைவிலிருந்து பார்ப்பவர் மயங்கலாம். அதன் பூ மஞ்சள் நிறமானது. கடற்கரைச் சேற்றில் வளரும் வங்காரவள்ளையின் பூ இளஞ்சிவப்பு நிறமுடையது. பொடுதலையின் இலை விளிம்பில் பற்கள் இருக்கும். பூத்திருக்கும் வேளையில் நீர்ப்பிரமியை அடையாளங்காண்பது எளிது. பூவில்லாத வேளையில் ஒரு முறைக்கு இரு முறை பார்ப்பது நல்லது.

திருச்சிராப்பள்ளியில் தாவரங்களை இனங்காண விரும்பும் மாணவருக்கு ஒரு நற்பேறு உண்டு. தூய வளனார் கல்லூரியில் 1967-இல் அருட்தந்தை கே. எம். மத்தேயு நிறுவிய இராபினாட் உலர்தாவரகம் இந்நகரில்தான் உள்ளது. தமிழகச் சமவெளிப் பகுதித் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய பல பகுதிகளைக் கொண்ட நூல் 1981 முதல் வெளிவந்தது. இன்றும் இப்பகுதித் தாவரங்களுக்கு அதுவே முதன்மையான நோக்கு நூல்.

நிலமும் நீரும்

திருவரங்கம் தீவின் மேற்கு முனையிலுள்ள முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. அங்குள்ள மேலணை, ஆர்தர் காட்டனின் திட்டப்படி 1836-38 ஆண்டுகளில் கட்டப்பட்டது. கிழக்கே கல்லணைக்கு அருகில் இரு ஆறுகளும் மீண்டும் நெருங்குகின்றன. இடைப்பட்ட நிலம் முழுவதும் ஆறு கொணர்ந்த வண்டல். ஆறுகளில் நீர் ஓடும் மாதங்களில் தீவின் நிலத்தடி நீர் மிகவும் மேலே இருக்கும். திருவானைக்காவல் சம்புகேசுவரர் கோயிற் கருவறையில் நீர் ஊறுவதும், ஐம்பூதத் தலங்களுள் அது நீருக்குரியதாகக் கூறப்படுவதும் பலர் அறிந்ததே. ஈரம் விரும்பும் செடிக்கு இதைவிட நல்ல மண் கிடைப்பது அரிது. ஆற்றிலிருந்து தெற்கே விலகிச் செல்லச் செல்ல நிலம் மேடாகிச் செம்மண்ணும் பாறையுமாக மாறுகிறது. அங்கு ஈரத்தை நாமே தேக்கி வைக்க வேண்டியிருக்கும்.

இங்குள்ள இடர்ப்பாடு, நீர் ஆண்டு முழுவதும் இருப்பதில்லை என்பதே. மேட்டூர் அணையிலிருந்து பாசனத்திற்காகச் சூன் 12-இல் நீரைத் திறந்து சனவரி 28-இல் மூடுவது வழக்கம். அந்நாளும் உறுதியானதன்று. 2022-இல் மே 24-ஆம் நாளே அணை திறக்கப்பட்டது. 2024-இல் சூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்டு மழை ஏறத்தாழ 800 முதல் 900 மி.மீ.; அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. பெப்ரவரி முதல் மே வரை ஆறு மணலாகக் கிடக்க, வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. காட்டு நிலையில் உள்ள நீர்ப்பிரமி இக்காலத்தில் மேலே காய்ந்து கருகிவிடும்; சேற்றின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கணுக்களிலிருந்து அடுத்த நீர்வரத்தின் போது மீண்டும் துளிர்க்கும். தோட்டத்தில் வளர்ப்பவரின் வேலை, இந்த நான்கு மாத இடைவெளியை நிரப்புவதுதான்.

பாத்தி அமைத்தல்

ஈரநிலத் தோட்டம் குளம் அன்று. மண் எப்போதும் நீரில் ஊறியிருக்க வேண்டும். ஆனால் மண்ணுக்கு மேலே நீர் தேங்கி நிற்கக்கூடாது. இந்த வேறுபாட்டை உணர்ந்துகொண்டால் மற்றவை எளியவை.

நீர்ப்பிரமியின் வேர் ஆழமாகச் செல்வதில்லை. ஆகவே 20 செ.மீ. ஆழம் போதும், கோடையில் ஈரம் நிலைக்க 30 செ.மீ. இருப்பின் நன்று. கொல்லையில் ஒரு மீட்டர் நீளமும் அகலமும் உள்ள குழியை வெட்டி, கூரிய கற்களையும் வேர்களையும் அகற்றி, அடியில் சிறிது மணலைப் பரப்பி, அதன்மேல் தடித்த தார்ப்பாய் அல்லது சில்பாலின் விரிப்பை இடலாம். குளிர்நாட்டுத் தோட்ட நூல்கள் விரிப்பின் அடியில் துளையிடச் சொல்வதுண்டு. திருச்சிராப்பள்ளியின் வெயிலுக்கு அது பொருந்தாது. இங்கு அடியில் துளை வேண்டாம். பக்கவாட்டில் மட்டும், மண்மட்டத்திற்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே, வழிந்தோடுவதற்கு ஒரு துளை போதும். பெருமழை பெய்தாலும் மிகுதி நீர் அதன் வழியே வெளியேறிவிடும்.

நிலம் இல்லாதவர்கள் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சிமெண்டுத் தொட்டியையோ, அடி பூசப்பட்ட கிணற்று உறையையோ, பழைய நெகிழித் தொட்டியையோ பயன்படுத்தலாம். புதிய சிமெண்டுத் தொட்டியாயின் சில நாட்கள் நீர் நிரப்பி, இருமுறை மாற்றிக் கொட்டிய பின்னரே மண் இட வேண்டும். சிமெண்டின் காரம் இளவேரைப் பாதிக்கும். மொட்டைமாடியில் வைப்போர் எடையைக் கணக்கிடுவது கட்டாயம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 20 செ.மீ. ஆழத்திற்கு ஊறிய மண் ஏறத்தாழ 350 முதல் 400 கிலோ எடை இருக்கும். தளத்தின் நடுவில் வைப்பதைத் தவிர்த்து, சுவரோ உத்தரமோ தாங்கும் இடத்தில் வைக்க வேண்டும். பழைய ஓட்டு வீடுகளிலும் மெட்ராசு ஒட்டுக்கூரை வீடுகளிலும் இம்முயற்சி வேண்டாம்.

மண்ணுக்கு வண்டல் இரு பங்கு, மட்கிய சாணம் அல்லது இலைமக்கு ஒரு பங்கு, ஆற்றுமணல் அரைப் பங்கு என்ற கலவை ஏற்றது. செம்மண் பகுதியினர் மக்கைச் சற்றுக் கூட்டலாம். நீர்ப்பிரமி சிறிதளவு உப்புத்தன்மையையும் தாங்கும். கழிமுகங்களிலும் இது வளர்கிறது. எனவே உப்பு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீர் உள்ள தெருக்களிலும் இதனை வளர்க்க இயலும். ஆனால் நீர் மட்டும் ஆவியாகி உப்பு தங்கிவிடுவதால், நாளடைவில் பாத்தியின் மேற்பரப்பில் வெண்படலம் தோன்றும். மழைக்காலத்தில் மழைநீர் பாத்தியின் ஊடாக வழிந்தோட விடுவது அதற்குரிய எளிய தீர்வாகும்.

நடுதலும் பராமரித்தலும்

விதை மிக நுண்ணியது. விதைத்து வளர்ப்பது வழக்கம் இல்லை. கணுவில் வேர்விட்ட தண்டுத் துண்டுகளே நடுபொருள். 5 முதல் 10 செ.மீ. நீளத் துண்டுகளை 10 செ.மீ. இடைவெளியில், இரண்டு கணுக்கள் மண்ணுள் புதையுமாறு சற்றே சாய்த்து நட்டு, உடனே நீர் விட வேண்டும். ஒரு வாரத்தில் புதுத் தளிர் தோன்றும். இரண்டு மாதத்தில் பாத்தி முழுவதும் பச்சைப் பாய் விரித்தாற்போல மூடிவிடும். பெருமளவில் பயிரிடுவோருக்காக இலக்னோவிலுள்ள நடுவண் மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் பிரக்யாசக்தி, சுபோதக் ஆகிய வகைகளை வெளியிட்டுள்ளது. வீட்டுத் தோட்டத்திற்கு நம்பகமான நாற்றுப்பண்ணையில் வாங்கிய ஒரு சிறு தொட்டிச் செடியே போதும். ஒரே ஆண்டில் அக்கம்பக்கத்தாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கலாம். மீன்தொட்டிக் கடைகளிலும் இது நீர்த்தாவரமாக விற்கப்படுகிறது. அத்தகைய செடி மருந்து கலந்த நீரில் வளர்ந்திருக்கக்கூடும். ஆதலால் முதற் சில அறுவடைகளை உண்ணாமல், புதுத்தளிரிலிருந்து மறுபடி நட்டுக்கொள்வது நல்லது.

நடுவதற்கு ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்கள் ஏற்றவை. அம்மாமண்டபப் படித்துறையில் மக்கள் காவிரியை வழிபடும் ஆடி 18, ஆகத்து 2 அல்லது 3-ஆம் நாளில் வரும். அப்போது கோடையின் கடுமை தணிந்திருக்கும். முன்னால் பருவமழை இருக்கிறது. ஆடிக்காற்று மட்டும் இளஞ்செடியை உலர்த்திவிடும் என்பதால், முதல் பத்து நாட்களுக்கு மேற்குப் பக்கம் ஒரு கீற்றையோ சாக்கையோ தடுப்பாக வைக்கலாம்.

பூ மிகுதியாக வேண்டுமெனில் வெயில் வேண்டும். எனினும் சித்திரை, வைகாசி மாதப் பிற்பகல் வெயிலில் இலை வெளுத்துவிடும். வாழையின் கிழக்குப் பக்கம் பாத்தியை அமைத்தால் காலை வெயிலும் மாலை நிழலும் ஒருங்கே கிடைக்கும். திருவரங்கத்துக் கொல்லைகளில் வாழை இல்லாத வீடு முன்னாளில் குறைவு என்பதால், பழைய வீடுகளில் இடம் தேட வேண்டியதில்லை.

கோடைக்கு எவ்வளவு நீர் தேவை என்பதை எளிதாகக் கணக்கிடலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து 1 மி.மீ. நீர் ஆவியானால் இழப்பு 1 லிட்டர். மே மாத வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 மி.மீ. நீர் ஆவியாகும். ஆக, ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு அன்றாடம் ஒரு குடத்திற்கும் குறைவான நீரே தேவை. அரிசி, பருப்பு கழுவிய நீரையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரையும் இதற்குப் பயன்படுத்தலாம். வழலையும் சலவைத்தூளும் கலந்த நீரை உண்ணும் செடிக்கு விடலாகாது. துவைகல்லை ஒட்டிய ஈரத்தில் இது செழிப்பாக வளர்வதைப் பலர் கண்டிருப்பர். அந்தச் செழிப்பு உண்பதற்குரிய தகுதி ஆகாது.

வெட்டுக்கிளிகள் இலையைத் தின்பதுண்டு. வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளித்தால் கட்டுப்படும். கோரையும் நீர்ப்பொன்னாங்கண்ணியும் பாத்தியில் நுழைந்தால் இளமையிலேயே பிடுங்க வேண்டும். விட்டுவிட்டால் நீர்ப்பிரமி அவற்றோடு போட்டியிட இயலாது. தழைச்சத்து மிகுந்தால் தண்டு நீண்டு பூ குறையும் ஆதலால், ஆண்டுக்கு இருமுறை மட்கிய எரு ஒரு கைப்பிடி தூவுவது போதுமானது.

கொசு

டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு, வீடுகளில் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடும். வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். எனவே நகர்ப்புறத்தில் ஈரநிலத் தோட்டம் என்றவுடன் அண்டை வீட்டார் அஞ்சுவது நியாயமானதே. மேலே கூறிய வழிவுத் துளை இதற்காகவே முதன்மையானது. மண்ணின் மேல் நீர்ப்பரப்பு இல்லையெனில் கொசுப்புழு வளர இடமில்லை. துளையில் இலை அடைத்துக்கொள்கிறதா என்பதை வாரம் ஒருமுறை விரலால் குத்திப் பார்க்க வேண்டும். மண் தாழ்ந்து குழிவிழுந்த இடங்களில் மண்ணிட்டு நிரப்ப வேண்டும். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்குவதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

வாய்க்காற்கரைச் செடியும் நச்சு உலோகங்களும்

இலக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், நீர்ப்பிரமி நீரிலுள்ள செம்பையும் காட்மியத்தையும் உறிஞ்சி அகற்றுவதை 1990-இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் விளக்கினர். ஈயம், குரோமியம், பாதரசம் ஆகியவற்றையும் இது உறிஞ்சுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. கழிவுநீரைத் தூய்மையாக்க இத்தாவரத்தைப் பயன்படுத்தலாம் என்ற நோக்கில் இப்பண்பு ஒரு சிறப்பு. அதே செடியைப் பறித்து உண்போருக்கு அதுவே கேடு. உலோகங்களைக் கழுவியோ வேகவைத்தோ நீக்க முடியாது. மூலிகைப் பொருட்களில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் ஈயமும், 0.3 மில்லிகிராமுக்கு மேல் காட்மியமும் இருக்கக்கூடாது என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் வரம்பு. வாய்க்காற்கரையில் பறித்த கீரைக்கட்டினைப் பார்த்து இதனை அறிய வழியில்லை.

திருச்சிராப்பள்ளியின் நடுவே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால் இதற்கு எடுத்துக்காட்டு. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து வாழவந்தான்கோட்டை ஏரி வரை செல்லும் இவ்வாய்க்கால் சோழர் காலத்தது. முதலாம் இராசராசனின் பட்டப்பெயரைத் தாங்கியது. பாசனத்திற்காக வெட்டப்பட்ட இதில் நகர எல்லைக்குள் கழிவுநீர் கலப்பது நெடுநாளைய குறையாகும். நகருக்கு மேற்கே, வாய்க்கால் ஊருக்குள் நுழையுமுன் உள்ள நீருக்கும், நகரைக் கடந்தபின் உள்ள நீருக்கும் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். கழிவுநீர்க் கரையில் பறித்த செடியைப் பச்சையாக உண்டால் உலோகத்தோடு வயிற்றுநோய்க் கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் சேர்ந்து உடலுக்குள் செல்லும். பறிப்பவர் பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்புக்காகவே நீர்ப்பிரமியைத் தேடுகிறார். ஈயம் குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் பாதிக்கிறது.

உடன் வளர்க்கத்தக்கவை

நீர்ப்பிரமி தரையோடு படர்வதால் உயரமான செடிகளுக்கு இடையே நன்கு பொருந்தும். பாத்தியின் பின்புறம் வசம்பையும், ஓரங்களில் வல்லாரையையும் பொடுதலையையும் நடலாம். நீர்முள்ளிக்கும் ஒரு மூலை ஒதுக்கலாம். முட்கள் இருப்பதால் பலர் அதனை விரும்புவதில்லை. ஆயினும் மயில் வசீகரன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு அது உணவுச்செடி. அமெரிக்கக் கண்டங்களில் வேறொரு வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் நீர்ப்பிரமியையே உண்டு வளர்கின்றன. திருவரங்கம் மேலூரில், இரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட காட்டுநிலத்தில் 2015-இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிற்குச் செல்வோர், பூவைத் தேடும் பூச்சிகளைப் பார்ப்பதோடு புழுக்களின் உணவுச்செடிகளையும் கவனித்தல் பயன் தரும்.

திருவரங்கத்தின் தோட்ட மரபு பெரும்பாலும் நந்தவன மரபாகும். தொண்டரடிப்பொடி ஆழ்வார் அங்கு நந்தவனம் அமைத்து இறைவனுக்கு மாலை தொடுத்தார் என்பது வைணவ மரபுச் செய்தி. நீர்ப்பிரமியின் பூ மாலைக்கு உதவாது. தொடுக்க முடியாத அளவு சிறியது, பறித்தால் விரைவில் வாடிவிடும். குனிந்து பார்ப்பவருக்கு மட்டுமே புலப்படும் பூ இது.

அறுவடையும் பயனும்

நட்ட மூன்று மாதத்தில் முதல் முறை அறுக்கலாம். தரையிலிருந்து 4, 5 செ.மீ. தண்டை விட்டுவிட்டு மேற்பகுதியை வெட்டினால் மீண்டும் தழைக்கும். நன்கு கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். சதைப்பற்று மிகுந்த செடியாதலால் மெல்லிய அடுக்காகப் பரப்பாவிடில் பூசணம் பிடிக்கும்.

இதன் முதன்மை வேதிப்பொருட்கள் பக்கோசைடுகள் எனப்படும் சப்போனின்கள். இவை 1960களில் இலக்னோவிலுள்ள நடுவண் மருந்து ஆய்வு நிறுவனத்தில் பிரித்தெடுக்கப்பட்டன. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாற்றுப்பொருளை நலமுள்ள பெரியவர்களுக்கு 12 வாரம் கொடுத்து ஆத்திரேலியாவில் நடத்தப்பட்ட ஆய்வு 2001-இல் வெளியானது. அதிலும் பின்வந்த சிலவற்றிலும் கற்றல், நினைவு தொடர்பான சில சோதனைகளில் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. விளைவு தெரியப் பல வாரங்கள் ஆகின்றன என்பதால், தேர்வுக்கு முந்தைய நாள் அரைத்துக் கொடுப்பதில் பொருளில்லை. குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, மலம் இளகுதல் ஆகியவை அறியப்பட்ட பக்கவிளைவுகள். குழந்தைகள், கருவுற்றோர், நாள்தோறும் வேறு மருந்து உட்கொள்வோர் ஆகியோருக்குக் கொடுக்குமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.